மணி என்ன? - ஒரு 64 பைட் வரலாறு

கணினியை அணைச்சு, பிளக்கையும் பிடுங்கி வச்சுட்டு ஊருக்குப் போறோம். ஒரு மாசம் கழிச்சு வந்து திறந்தாலும் சரியா மணி காட்டுது. எப்படின்னு கேட்டா, "உள்ள ஒரு பேட்டரி இருக்கு"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவோம். அந்த பேட்டரிக்குப் பக்கத்துல என்ன இருக்கு, மென்பொருள் அதுகிட்ட எப்படி மணி கேட்குது, எப்படி மணி சொல்லிக் கொடுக்குதுன்னு யாரும் கேட்கறதில்லை. நானும் கேட்டதில்லை, இந்த செமஸ்டர் வரைக்கும். இங்க ஜெர்மனியில முதுகலைப் பாடத்துல ஒரு குட்டி இயங்குதளம் எழுதணும். அதுல ஒரு வேலை, திரையோட மூலையில மணி காட்டணும். நிரல்னு பார்த்தா நாற்பது வரிதான். ஆனா ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன் இப்படி?"ன்னு கேட்டா, பதில் 1984-க்குக் கூட்டிட்டுப் போகுது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து உட்காருங்க :-)

முதல்ல, கடிகாரமே இல்லாத காலம். 1981 ஆகஸ்ட்ல ஐபிஎம் தன்னோட முதல் பிசியை வெளியிட்டது. அதுல பேட்டரியும் கிடையாது, கடிகாரச் சில்லும் கிடையாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டாஸ் முதல்ல தேதி கேட்கும், அப்புறம் மணி கேட்கும். நீங்க கையில கட்டியிருக்கிற வாட்சைப் பார்த்துத் தட்டணும். சலிச்சுப் போய் வெறுமனே என்டர் அடிச்சா 1980 ஜனவரி 1. டாஸுக்கு உலகம் பிறந்த நாளே அதுதான், அதுக்கு முந்தின தேதியை அதால எழுதவே முடியாது. அந்தக் காலத்து ஃப்ளாப்பிகளைத் திறந்தா பாதிக் கோப்புகள் 1980 ஜனவரி 1-ல பிறந்திருக்கும். என்டர் அடிச்சவங்களோட சலிப்பு இன்னும் அதுல பத்திரமா இருக்கு.

கணினி ஓடிக்கிட்டு இருக்கும்போது நேரத்தைக் கணக்கு வச்சது இன்டெல் 8253 என்ற டைமர் சில்லு. அது நொடிக்கு 18.2 முறை செயலியைத் தட்டி எழுப்பும். ஏன் 18.2? மதர்போர்டுல இருந்த 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அமெரிக்கக் கலர் டிவியோட வண்ண அலைவரிசைக்கு நாலு மடங்கு. அதைப் பன்னிரண்டால வகுத்து, அப்புறம் 65536-ஆல வகுத்தா 18.2 வருது. அமெரிக்க டிவிப் பெட்டிக்காகப் போட்ட கிரிஸ்டல் உலகத்துக்கே மணி எண்ணிச்சு! நள்ளிரவு தாண்டினதைக் குறிக்க ஒரே ஒரு கொடி வச்சிருந்தாங்க. அது எண்ணிக்கை இல்லை, வெறும் ஆமா-இல்லை. யாரும் மணி கேட்காம ரெண்டு நள்ளிரவு கடந்துட்டா, ஒரு நாள் காணாமப் போயிடும்.

இந்த ஓட்டையில ஒரு வியாபாரம் முளைச்சது. ஏஎஸ்டி நிறுவனத்தோட சிக்ஸ்பேக்பிளஸ் அட்டை மாதிரி கூடுதல் நினைவகம், பிரிண்டர் போர்ட் இதோட ஒரு பேட்டரிக் கடிகாரமும் சேர்த்து வித்தாங்க. ஆனா அந்தக் கடிகாரம் இருக்கறது டாஸுக்குத் தெரியாது. திறக்கும்போதெல்லாம் ஒரு சின்ன நிரல் ஓடி, அட்டையில மணி படிச்சு டாஸ் காதுல ஓதணும். அப்ப இந்த மாதிரி வேலைக்குப் புழங்கின நேஷனல் செமிகண்டக்டரோட எம்எம்58167 சில்லுல இன்னொரு வேடிக்கை. மாசம் இருக்கு, நாள் இருக்கு, நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு கூட இருக்கு. வருஷம் மட்டும் இல்லை! சுவர்க் கடிகாரத்துக்கு எதுக்கு வருஷம்னு விட்டுட்டாங்க போல. மென்பொருள்தான் வருஷத்தை வேற எங்கேயாவது ஒளிச்சு வச்சுக்கணும்.

1984 ஆகஸ்ட்ல ஐபிஎம் பிசி ஏடி வந்தது. நம்ம கதாநாயகன் இதுலதான் அறிமுகம். மோட்டரோலாவோட எம்சி146818. லித்தியம் பேட்டரி, கூடவே 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல். ஏன் அந்த எண்ணுன்னா, ரெண்டைப் பதினைஞ்சு முறை பெருக்கினா 32,768. அதையே பதினைஞ்சு முறை பாதியாக்கினா நொடிக்கு ஒரு துடிப்பு. கைக்கடிகாரத்துல இருக்கிற அதே கிரிஸ்டல்தான். சில்லுக்குள்ள மொத்தம் 64 பைட். பத்து பைட்டுல நேரமும் அலாரமும் தேதியும், நாலு பைட்டுல கட்டுப்பாடு. மிச்சம் 50 பைட் சும்மா இருந்தது. பேட்டரியில வாழற நினைவகமாச்சே, விடுவாங்களா? எந்த ஹார்ட் டிஸ்க், எவ்வளவு நினைவகம்னு ஐபிஎம் எல்லாத்தையும் அதுல எழுதி வச்சது. இன்னிக்கும் "சிமாஸ் பேட்டரி போச்சு, செட்டிங் எல்லாம் போச்சு"ன்னு சர்வீஸ் கடையில சொல்றாங்களே, அந்தப் பேச்சு பிறந்த இடம் இதுதான்.

இந்தச் சில்லோட பேச ரெண்டு கதவு, பதினாறடிமான எண்ணுல 70, 71. 70-ல "எத்தனாவது பைட்"னு எழுதணும், 71-ல அந்த பைட்டைப் படிக்கலாம், எழுதலாம். பூஜ்யம் நொடி, ரெண்டு நிமிஷம், நாலு மணி, ஏழு தேதி, எட்டு மாசம், ஒன்பது வருஷம். 70-ஆம் கதவுல எட்டு பிட் இருக்கு, முகவரிக்கு ஆறே போதும். மேல் பிட்டை வீணாக்குவானேன்னு, செயலியோட தடுக்க முடியாத குறுக்கீட்டை முடக்கற சுவிட்சை அதுல கொண்டுபோய் வச்சது ஐபிஎம். மணி கேட்கறதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பூஜை அறையில மெயின் சுவிட்ச் வச்ச வீடு மாதிரி. ஒவ்வொரு முறை மணி கேட்கும்போதும் அந்த சுவிட்சையும் தொட்டுத்தான் ஆகணும், அது முன்னாடி எந்தப் பக்கம் இருந்ததுன்னு திரும்பப் படிச்சுப் பார்க்கவும் வழியில்லை.

சரி, கதவைத் தட்டி நிமிஷம் கேட்கிறோம். 89-ன்னு பதில் வருது. மணி 10:89! பயப்படாதீங்க, அது 59 நிமிஷம்தான். சில்லு ஒவ்வொரு பத்தடிமான இலக்கத்தையும் நாலு நாலு பிட்டா தனித்தனியா வைக்குது. அஞ்சு ஒரு பக்கம், ஒன்பது ஒரு பக்கம். அதை மொத்தமா ஒரு இருமஎண்ணாப் படிச்சா 89 ஆயிடுது. பிசிடின்னு இதுக்குப் பேர். இலக்கத்தை அப்படியே திரையில காட்ட வசதி. மோட்டரோலா நேரடி இருமஎண்ணுக்கும் ஒரு பிட் கொடுத்துத்தான் இருந்தது, அதைத் திருப்பிவிட்டா போதும். ஐபிஎம் பிசிடியை எடுத்தது, பின்னாடி வந்த எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. என் நாற்பது வரியில ஆறு வரி அந்த முடிவுக்கான தண்டம்.

உண்மையான தலைவலி அடுத்தது. நொடிக்கு ஒரு முறை சில்லு தன் எண்களை மாத்தும். இந்தக் கிரிஸ்டலோட அதுக்கு 1984 மைக்ரோநொடி ஆகும்னு விவரக்குறிப்பு சொல்லுது (ஆமா, அதே எண்தான், தற்செயல்!). அந்த நேரத்துல படிச்சா குப்பை வரும். அதனால சில்லு முன்கூட்டியே ஒரு கொடி தூக்கும். 'யுஐபி' பிட்டுன்னு பேரு. கொடி இறங்கி இருந்தா, குறைஞ்சது 244 மைக்ரோநொடி உங்களுக்கு உத்தரவாதம். அதுக்குள்ள ஓடிப்போய்ப் படிச்சுக்கணும். கணக்குப் போட்டா நொடிக்கு ரெண்டே கால் மில்லிநொடி ஆபத்தான நேரம். எதையும் பார்க்காம படிச்சீங்கன்னா ஆயிரத்துல ரெண்டு தடவை தப்பு வர வாய்ப்பு. சோதனை பண்ணும்போது வராது, ஆசிரியர் முன்னாடி ஓட்டிக் காட்டும்போது வரும்.

கொடியே இல்லைன்னு வச்சுக்கிட்டாலும் சிக்கல் தீராது. மணி 10:59:59. நீங்க மணியைப் படிக்கிறீங்க, 10. அடுத்து நிமிஷம் படிக்கறதுக்குள்ள நொடி உருண்டு 11:00:00 ஆயிடுது. நிமிஷம் 00. உங்க கணக்குல மணி 10:00. முழுசா ஒரு மணி நேரம் அவுட். எல்லாத்தையும் ஒரே மூச்சுல எடுத்துக் கொடுக்கற வசதி இந்தச் சில்லுல கிடையாது. அதனால ரெண்டு தடவை முழுசாப் படிச்சு, ரெண்டும் ஒத்துப்போனா மட்டும் நம்பற பழக்கம் வந்தது.

இதெல்லாம் பழங்கதைன்னு நினைச்சுடாதீங்க. கம்ப்யூட்டர் திறக்கும்போது லினக்ஸ், நொடி உருளற தருணத்துக்காகக் கொடியைப் பார்த்தபடியே நிற்கும். சில சமயம் ஒரு நொடி வரைக்கும் சும்மா காத்திருக்கும். 2006-ல "திறக்கற வேகம் முக்கியம்"னு அந்தக் காத்திருப்பை எடுத்துட்டாங்க. அப்புறம் 2020 டிசம்பர்ல தாமஸ் கிளைக்ஸ்னர், லினக்ஸோட நேர நிரல்களைப் பார்த்துக்கற மூத்தவர், இந்தச் சில்லைப் படிக்கிற நிரல் குப்பையைப் படிக்கக்கூடும்னு சொல்லி ஒரு திருத்தம் போட்டார். கொடி இறங்கி இருக்கான்னு பார்த்தாச்சு, சரி. பார்த்ததுக்கும் படிக்கறதுக்கும் நடுவுல செயலி வேற வேலைக்குப் போயிட்டா? 244 மைக்ரோநொடி உத்தரவாதம் காலாவதி ஆயிடுமே! அதனால படிச்சு முடிச்சப்புறமும் ஒரு முறை கொடியைப் பார்க்கணும். சில்லு ஏடிக்குள்ள நுழைஞ்சு 36 வருஷம் கழிச்சு, உலகத்துல பாதி சர்வர்கள் ஓடற இயங்குதளத்துல, "மணி என்ன?"ன்னு ஒழுங்கா எப்படிக் கேட்கறதுன்னு திருத்தம். அந்தத் திருத்தத்தால வேற சில கோளாறான சில்லுகள் மாட்டிக்கிட்டு, அதுக்கு இன்னொரு திருத்தம் வந்தது தனிக்கதை.

படிக்கறதைவிட எழுதறது கொஞ்சம் சுவாரசியம். ஏடி வந்த புதுசுல டாஸ்ல தேதி, நேரம் மாத்தற கட்டளை அடிச்சா, டாஸோட மனசுல இருந்த மணி மட்டும்தான் மாறும். சில்லு பழைய மணியிலேயே இருக்கும். அதை மாத்த ஐபிஎம் கொடுத்த தனி ஃப்ளாப்பியைப் போட்டுத் திறக்கணும். 1987-ல வந்த டாஸ் 3.3-லதான் அதே கட்டளை சில்லையும் மாத்த ஆரம்பிச்சது. எழுதற முறை இதுதான்: முதல்ல கட்டுப்பாட்டு பைட்டுல 'நிறுத்து' பிட்டைத் தூக்கணும், சில்லு உருளறதை நிறுத்தும். அப்புறம் எல்லா எண்ணையும் எழுதிட்டு, பிட்டை இறக்கணும். கூடவே உள்ளே இருக்கிற பிரிப்பானையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தா, விட்டதுல இருந்து சரியா அரை நொடி கழிச்சு அடுத்த நொடி உருளும். ஒரு நொடி இல்லை, அரை நொடி! அதனால லினக்ஸ் வேணும்னே நொடியோட பாதியில போய் எழுதும். மோட்டரோலா விவரக்குறிப்பைப் பாருங்கன்னு நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பும் ரொம்ப காலம் இருந்தது. என்டிபி வழியா நேரம் சரியா இருக்குன்னு தெரிஞ்சா, பதினோரு நிமிஷத்துக்கு ஒரு முறை லினக்ஸ் தானாவே சில்லைத் திருத்தி வைக்கும்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச பிட் வேற. கட்டுப்பாட்டு பைட்டுல கடைசியா ஒரு பிட் இருக்கு. கோடைக்கால நேர மாற்றத்தைச் சில்லே பார்த்துக்கும்! ஏப்ரல் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னாடி, அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் பின்னாடி. அன்னிக்கு அமெரிக்கச் சட்டம் அதுதான். சட்டத்தைச் சிலிக்கான்ல வார்த்துட்டாங்க. 1986-ல அமெரிக்கா சட்டத்தை மாத்தி, 1987-ல இருந்து ஏப்ரல் முதல் ஞாயிறுன்னு சொல்லிடுச்சு. ஏடி வந்து மூணு வருஷம் கூட ஆகலை, பிட் செல்லாக்காசு. 2007-ல மறுபடி மாத்தி மார்ச்சுக்கும் நவம்பருக்கும் போயிட்டாங்க. நான் இருக்கிற ஐரோப்பாவுல தொடங்கறது மார்ச் கடைசியில, இந்தியாவுல அந்த வழக்கமே இல்லை.

நேர மண்டலத்தைச் சில்லுல குறிக்க ஐபிஎம் ஒரு பைட் கூட ஒதுக்கலை. 50 பைட் சும்மா இருந்தும்! அதனால சில்லு 10:30-ன்னு சொன்னா, அது எந்த ஊர் 10:30-ன்னு தெரியாது. டாஸ் உள்ளூர் நேரம்னு எடுத்துக்கிச்சு, விண்டோஸ் அதை வாரிசா வாங்கிக்கிச்சு. யூனிக்ஸ் வழி வந்தவங்க உலகப் பொது நேரத்தை வைப்பாங்க. ஒரே மடிக்கணினியில விண்டோஸும் லினக்ஸும் போட்டவங்களுக்குத் தெரியும், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போனா மணி எகிறும். நம்ம ஊர்ல அது சரியா அஞ்சரை மணி நேரம் எகிறும். இங்க ஜெர்மனியில குளிர்காலத்துல ஒரு மணி, கோடையில ரெண்டு மணி. ரெண்டுமே உள்ளூர் நேரம்னு வச்சுக்கிட்டா, கோடை மாற்றத்தன்னிக்கு ரெண்டும் தனித்தனியா ஒரு மணி நேரம் தள்ளி வச்சு, மொத்தம் ரெண்டு மணி நேரம் ஓடிப்போயிடும்.

ஈழத்து நண்பர்களுக்கு இது வேற மாதிரி புரியும்னு நினைக்கிறேன். இலங்கை 1996 மே மாசம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி +6:30 ஆச்சு. அதே அக்டோபர்ல +6. பத்து வருஷம் கழிச்சு 2006 ஏப்ரல்ல மறுபடி +5:30. புலிகளோட கட்டுப்பாட்டுல இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏத்துக்காம பழைய +5:30-லேயே இருந்தது. ஒரே தீவுல ரெண்டு மணி. அந்தக் காலத்துல வவுனியாவுல இருந்து கிளிநொச்சிக்கு ஒரு கணினியை எடுத்துட்டுப் போயிருந்தா, உள்ள இருக்கிற சில்லு சொல்ற மணி யாரோட மணி? அதுல இருக்கிறது ஒரு எண் மட்டும். கோப்புகள்ல பதிஞ்ச அந்த நேரங்களை இன்னிக்கு யாராவது வரிசைப்படுத்த உட்கார்ந்தா, சில்லு ஒரு உதவியும் செய்யாது. அந்தக் கணினி அன்னிக்கு எங்க இருந்ததுன்னு மனுஷங்ககிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

வருஷத்துக்கு ரெண்டே இலக்கம். இந்தக் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், வேகமாச் சொல்லிடறேன். நூற்றாண்டுக்கு ஐபிஎம் அந்த 50 பைட்டுல ஒண்ணை எடுத்து 19-ன்னு எழுதி வச்சது. அது வெறும் நினைவகம், தானா உருளாது. 1999 டிசம்பர் 31 நள்ளிரவு 99 உருண்டு 00 ஆச்சு, 19 அப்படியே இருந்தது. கணக்குப்படி 1900. டாஸுக்குத்தான் 1980-க்கு முன்னாடி உலகமே இல்லையே, பல பழைய கணினிகள் 1980 ஜனவரி 4-ன்னு காட்டின. ஒரே ஒரு அதிர்ஷ்டம், நாலால வகுபட்டா லீப் வருஷம்னு சில்லுக்கு ஒரே விதிதான் தெரியும். 2000 நிஜமாவே லீப் வருஷம்கறதால தப்பிச்சது. 2100 லீப் வருஷம் இல்லை. அப்ப பார்க்க நானும் நீங்களும் இருக்க மாட்டோம், அந்தப் பிட்டுகள் இருக்கும் போலிருக்கு.

இந்தச் சில்லை நேரடியாத் தட்டி மணி கேட்டவங்கள்ல ரொம்பப் பிரபலம் ஒரு வைரஸ். 1998-ல தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதின சிஐஎச், செர்னோபில்னு பத்திரிகைகள் பேர் வச்சது. 1999 ஏப்ரல் 26 அன்னிக்கு உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க்கை அழிச்சு, மதர்போர்டுல இருந்த பயாஸையும் அழிச்சது. அது விண்டோஸ்கிட்ட தேதி கேட்கலை. நேரா 70-ஆம் கதவைத் தட்டி ஏழாவது, எட்டாவது பைட்டைப் படிச்சது. நம்மளை அழவைக்கிற பிசிடி அதுக்கு லட்டு மாதிரி. 4, 26 ரெண்டும் இலக்கம் மாறாம அப்படியே இருக்கு, மாத்தற வேலையே இல்லாம நேரா ஒப்பிட்டுடுச்சு. விண்டோஸ்ல தேதியை 27-க்குத் தள்ளி வச்சா அது தப்பாம சில்லுக்கும் போய்ச் சேரும். 25-ஆம் தேதி ராத்திரியே அப்படித் தள்ளி வச்ச கணினிகள் அன்னிக்குத் தப்பிச்சிருக்கும்.

அப்புறம் சில்லே மறைஞ்சு போச்சு. டாலஸ் செமிகண்டக்டர் பேட்டரி, கிரிஸ்டல் எல்லாத்தையும் ஒரே கறுப்புக் கட்டிக்குள்ள வச்சு அடைச்சு வித்தது. பத்து வருஷம் ஓடும்னாங்க, ஓடிச்சு. இப்ப பழைய கணினி சேகரிக்கிறவங்க அந்தக் கட்டியை அறுத்து, நாணயம் மாதிரி இருக்கிற பேட்டரியை வெளியில ஒட்ட வைக்கிறாங்க. அதுக்கப்புறம் மோட்டரோலா சில்லோட அச்சு அசல் நகல் மதர்போர்டோட பெரிய சில்லுக்குள்ள ஒரு மூலையில குடிபோயிடுச்சு. மறுபக்கம், 2012-ல வந்த ராஸ்பெரி பை 1981-க்கே திரும்பிப் போனது. கடிகாரமே இல்லை. அணைக்கும்போது மணியைக் கோப்புல எழுதி வச்சு, திறக்கும்போது அங்கிருந்து தொடங்கறதா பாவனை பண்ணும். வேணும்னா டிஎஸ்3231 மாதிரி தனிச் சில்லு வாங்கி மாட்டிக்கலாம், அதுலயும் பிசிடிதான். 2023-ல வந்த அஞ்சாவது பையிலதான் கடிகாரத்தை உள்ளேயே வச்சு, பேட்டரிக்கு ஒரு வாய் விட்டாங்க.

என் குட்டி இயங்குதளம் ஓடறது க்யூஎமுன்னு ஒரு மாயக் கணினியில. அதுல சில்லும் இல்லை, கிரிஸ்டலும் இல்லை, எல்லாம் மென்பொருள். ஆனா அதுக்குள்ள எம்சி146818 பேரிலேயே ஒரு கோப்பு இருக்கு. கொடி ஏறி இறங்கறது முதக்கொண்டு மோட்டரோலா சொன்னபடியே நடிக்குது. உங்ககிட்ட வாடகைக்கு எடுத்த லினக்ஸ் மாயக் கணினி ஏதாவது இருந்தா, ப்ராக் அடைவுக்குள்ள ட்ரைவர், அதுக்குள்ள ஆர்டிசி கோப்பைத் திறந்து பாருங்க. அந்தச் சில்லு அதுல இருந்தா, பிசிடி ஆமான்னு ஒரு வரி இருக்கும். கோடைக்கால நேரம் இல்லைன்னு ஒரு வரி. அதுக்குக் கொஞ்சம் கீழ, பேட்டரி நிலைமை: நல்லா இருக்கு.